சுருட்டும் ஈரமும்

தமிழ் ஆங்கிலத்துக்கு ஈந்த சொற்கள் மிகப் பல அல்ல. ஆனால் அவை சுவையானவை. கட்டுமரம் 'கட்டமரான்' ஆயிற்று. மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' ஆயிற்று. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலில் தோன்றும் 1887-ஆம் ஆண்டுக் கதையில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைக் கண்டே, 'இது திருச்சிச் சுருட்டின் சாம்பல்' என்று அத்துப்பறிவாளர் தீர்ப்புக் கூறிவிடுகிறார். உறையூரிலும் திண்டுக்கல்லிலும் நம்மவர் கைகளில் உருண்ட இலை லண்டன் மாநகரக் கதைக்குள்ளும் புகுந்துவிட்டது.

இத்தனை பெயர் பெற்ற பொருளுக்கு ஒரு குறையுண்டு. பிறந்த ஊரை விட்டு டில்லி போன்ற வறண்ட நகரத்துக்கு வந்து ஒரு கோடையைக் கழித்தால் அது சருகாகிவிடும். விரலால் தொட்டால் மேலிலை பொருபொருவென்று உதிரும். அப்படிக் காய்ந்துபோன சுருட்டை மீட்க முடியுமா? முடியும் என்றால் எந்த அளவுக்கு? பௌதிகம் பயிலும் மாணவன் என்ற முறையில் இக்கேள்விக்கு விடை தேட எனக்கு இவ்வாண்டு ஒரு வாய்ப்பு நேர்ந்தது.

கரோல்பாகில் வசிக்கும் தமிழ்ப் பெரியவர் ஒருவர். அவருடைய தந்தையார் திண்டுக்கல்லில் சுருட்டுச் சுற்றும் தொழிலாளியாக இருந்து காலமானவர். தம் கையால் கடைசியாகச் சுற்றிய சுருட்டுகளை ஐம்பது ஐம்பதாகக் கட்டி, பன்னிரண்டு கட்டுகளை மகனிடம் விட்டுச் சென்றார். ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் ஊருக்குப் போய், கருப்பசாமிக்குப் படையலிடும்போது அவற்றிலிருந்து சிலவற்றை வைப்பதாக மகன் எண்ணியிருந்தார். உத்தியோகமும் குடும்பமும் அவரை டில்லியிலேயே பிடித்து வைத்துவிட்டன. பல ஆண்டுகள் இரும்புப் பெட்டியில் கிடந்த கட்டை, ஓய்வு பெற்றபின் அவர் அவிழ்த்துப் பார்த்தபோது முதற் சுருட்டு கையிலேயே தூளாயிற்று.

"தம்பி, மணம் போனாப் போகட்டும். சாமி முன்னால வைக்கும்போது எங்கப்பா சுத்துன இலை உதிரக்கூடாது. அதுக்கு வழி இருக்கா?" என்று கேட்டார். அது மார்ச்சு மாதம். ஆடிக்கு நான்கு மாதங்களே இருந்தன.

நான் புகைப்பவன் அல்லன். எவரையும் புகைக்கத் தூண்டுவதற்காக இதை எழுதவும் இல்லை. புகையிலை நோய்க்கு வித்து என்பது ஐயமற நிறுவப்பட்ட உண்மை. ஆனால் ஒரு காய்ந்த இலைக்கும் அதைச் சூழ்ந்த காற்றுக்கும் உள்ள உறவு, புகைப்பவருக்கும் புகைக்காதவருக்கும் ஒன்றே. அதைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

ஈரம் என்பது யாது?

சுருட்டைப் பாதுகாக்கும் பேழையை ஆங்கிலத்தில் 'ஹ்யூமிடார்' என்பர். நாம் அதனை 'ஈரப்பேழை' என்று அழைப்போம். கியூபா நாட்டுச் சுருட்டு விற்கும் பெரிய கடைகளில் ஓர் அறை முழுவதுமே ஈரப்பேழையாக அமைந்திருக்கும். சிறியதாயினும் பெரியதாயினும் அதன் வேலை ஒன்றுதான்: உள்ளே உள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதத்தை மாறாமல் நிறுத்துவது.

ஒப்பு ஈரப்பதம் என்றால் என்ன? ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரி செண்டிகிரேடில் சுமார் 17 கிராம் நீராவியையே தாங்கும். 30 டிகிரியில் 30 கிராமையும், 40 டிகிரியில் 51 கிராமையும் தாங்கும். தாங்கக்கூடிய அளவில் நூற்றுக்கு எத்தனை பங்கு உண்மையில் இருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம். விடியற்காலையில் 20 டிகிரியில் 60 சதவீத ஈரத்தோடு இருந்த காற்று, ஒரு துளி நீரையும் இழக்காமலே, பிற்பகலில் 40 டிகிரிக்குச் சூடேறினால் அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 20 சதவீதமாகக் குறைந்துவிடும். நீர் குறையவில்லை, காற்றின் தாகம் வளர்ந்துவிட்டது. டில்லியின் மே மாதத்தில் நம் உதடு வெடிப்பதற்கும் சுருட்டு வெடிப்பதற்கும் காரணம் இதுவே.

புகையிலை, மரம், காகிதம், பருத்தி முதலிய தாவரப் பொருள்கள் எல்லாம் காற்றோடு ஓயாமல் நீரைக் கொடுத்து வாங்குகின்றன. கொடுப்பதும் வாங்குவதும் சமமாகும் நிலையில் நின்றுவிடுகின்றன. 65 முதல் 70 சதவீத ஈரமுள்ள காற்றில் சுருட்டின் இலை, தன் எடையில் சுமார் 12 முதல் 14 சதவீதம் நீரை வைத்துக்கொள்ளும். அந்த நிலையில்தான் அது வளையும், உடையாது. எனவே நாம் சுருட்டுக்கு நேராக நீர் ஊட்ட வேண்டியதில்லை. காற்றைச் சரிப்படுத்தினால் போதும். காற்று சுருட்டைச் சரிப்படுத்திக் கொள்ளும்.

பேழையின் அமைப்பு

பெரியவர் வீட்டில் பயனற்றுக் கிடந்த மர அலமாரி ஒன்று கிடைத்தது. உட்புறம் ஒரு மீட்டர் உயரம், 60 செண்டிமீட்டர் அகலம், 50 செண்டிமீட்டர் ஆழம். அதாவது 300 லிட்டர் கொள்ளளவு. கதவு விளிம்பில் ரப்பர்ப் பட்டை ஒட்டினோம். கதவைச் சாத்தி இருட்டில் உள்ளே ஒரு விளக்கை ஏற்றி வைத்தால், ஒளி கசியும் இடமெல்லாம் ஈரமும் கசியும் இடம் என்று அறியலாம். அவ்விடங்களை அடைத்தோம்.

உட்புறத்துக்குப் பலகை வேண்டும். மேனாட்டார் இதற்கு 'ஸ்பானிஷ் ஸீடர்' என்னும் மரத்தைக் கையாள்வர். பெயர்தான் தேவதாரு இனத்தைக் குறிக்கிறதேயன்றி, உண்மையில் அது நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கு மிக நெருங்கிய உறவான மரம் நம் நாட்டிலேயே வளர்கிறது. வடக்கே 'தூன்' என்பர். தமிழில் சந்தன வேம்பு. லேசான மரம், நறுமணம் உடையது, ஈரத்தை இழுத்துக்கொள்ளவும் திருப்பித் தரவும் வல்லது. மரக்கடையில் இதைப் பலகையாக வாங்கி உட்சுவரில் பதித்து, தட்டுகளையும் அதிலேயே செய்தோம். வார்னிஷ் பூசக் கூடாது. பூசினால் மரத்தின் மூச்சை அடைத்தது போலாகும். வார்னிஷின் நெடியும் இலையில் ஏறும்.

இங்கே ஒரு கணக்கு. 300 லிட்டர் காற்று 25 டிகிரியில் 65 சதவீத ஈரம் அடைவதற்குத் தேவையான நீர் எவ்வளவு? நாலரை கிராம், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஆனால் உள்ளே பதித்த பலகை 12 கிலோ. கோடைக் காற்றில் அது 6 சதவீத நீரோடு இருக்கிறது. 65 சதவீத ஈரத்தில் 12 சதவீதத்துக்கு வர வேண்டும். அதற்கு 720 கிராம் நீர் வேண்டும். அறுநூறு சுருட்டுகளின் எடையோ நாலரை கிலோதான். அவற்றுக்கு வேண்டிய நீர் சுமார் 210 கிராம். ஆகவே மரம் குடிக்கும் நீர், சுருட்டு குடிப்பதைவிட மூன்று மடங்குக்கும் மேல்! மரத்தை முதலில் பதப்படுத்தாமல் சுருட்டை உள்ளே வைத்தால், தாகம் கொண்ட பலகை சுருட்டில் எஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சிவிடும். இதனாலேயே வெறும் பேழையை முதலில் மூன்று வாரம் மூடி வைத்தோம். பதப்பட்ட பிறகு அதே மரம் நமக்குச் சேமிப்புக் கிடங்காகிறது. கதவைத் திறந்து மூடினால் வெளியேறுவது சில கிராம் நீர். மரத்தில் இருப்பதோ ஒரு கிலோவுக்கும் மேல். இழப்பை மரமே ஈடு செய்துவிடும்.

உப்பின் ஆட்சி

ஈரம் தரும் பொருளாக எதை வைப்பது? ஒரு கிண்ணம் நீரை வைத்தால் என்ன என்று பலர் கேட்பர். மூடிய இடத்தில் தூய நீர் 100 சதவீதத்தை நோக்கியே காற்றை இழுத்துச் செல்லும். அதற்கு நிறுத்தும் இடம் தெரியாது. முடிவு, பூஞ்சணம்.

நீரில் உப்பைக் கரைத்தால் அதன் ஆவியழுத்தம் குறைகிறது. மேலும் கரையாமல் உப்பு அடியில் தங்கும் வரை போட்டுவிட்டால், அந்நிறைகரைசல் ஒரு குறிப்பிட்ட ஈரப்பதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். காற்று அதைவிட வறண்டால் கரைசல் நீரைத் தரும். கொஞ்சம் உப்பு படியும். காற்று அதைவிட ஈரமானால் கரைசல் நீரை வாங்கும். படிந்த உப்பு கரையும். ஆனால் கரைசலின் செறிவு மட்டும் மாறாது. மின்சாரமும் கருவியும் இல்லாமல் தானே இயங்கும் காவலாளி அது!

ஒவ்வோர் உப்புக்கும் ஓர் எண் உண்டு. 25 டிகிரியில் மக்னீஷியம் குளோரைடு 33. மக்னீஷியம் நைட்ரேட் 53. சோடியம் புரோமைடு 58. பொட்டாசியம் அயோடைடு 69. நம் சமையலறை உப்பு 75. இவை சதவீதங்கள்.

கடைசி எண் மிகப் பயனுள்ளது. கடையில் விற்கும் ஈரமானிகள் பல, ஐந்தாறு சதவீதம் கூடவோ குறையவோ காட்டும். ஒரு கண்ணாடிச் சாடியில் சிறு மூடியில் உப்பை இட்டு, ஈர மணல் போல் ஆகும் அளவுக்குச் சில துளி நீர் விட்டு, பக்கத்தில் ஈரமானியை வைத்து இறுக மூடி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் அது 75 காட்ட வேண்டும். 71 காட்டினால், அந்தக் கருவி நாலு குறைவாகப் பேசுகிறது என்று ஒரு சீட்டில் எழுதி அதன் முதுகில் ஒட்டிவிடுங்கள். இரண்டு ரூபாய் உப்பு ஒரு கருவியின் பொய்யைக் கண்டுபிடித்துவிடும்.

பேழையின் அடித்தட்டில் அகன்ற கண்ணாடித் தட்டுகளில் உப்புக் குழம்பை வைத்தோம். உலோகத் தட்டு ஆகாது, உப்பு அரித்துவிடும். தட்டின்மேல் துளையிட்ட பலகை ஒன்று. இலையும் உப்பும் ஒன்றையொன்று தொடலாகாது. குழம்பு காயக் காய, காய்ச்சி வடித்த நீரை ஊற்றினோம். குழாய் நீரில் உள்ள சுண்ணாம்பு நாளடைவில் ஓடு கட்டும்.

மூடிய பேழைக்குள் காற்று தானே நன்கு கலக்காது. நீராவி காற்றைவிட லேசானது. ஆயினும் அந்த வேறுபாடு மிகச் சிறிது. ஆகையால் பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த சிறு விசிறி ஒன்றைப் பொருத்தி, மணிக்கு ஐந்து நிமிடம் சுழலச் செய்தோம். வாரம் ஒருமுறை மேல்தட்டைக் கீழும் கீழ்த்தட்டை மேலும் மாற்றினோம்.

அவசரம் ஆகாது

இனிதான் முக்கியமான பகுதி. காய்ந்த சுருட்டை நேராக 65 சதவீதக் காற்றில் வைத்தால் என்ன? சுருட்டு என்பது ஒரே பொருளன்று. நடுவே நிரப்பிலை, அதைச் சுற்றிக் கட்டிலை, வெளியே மெல்லிய மேலிலை. ஈரம் வெளியிலிருந்து உள்ளே செல்கிறது; ஒவ்வோர் இலையும் ஈரம் ஏற ஏற வீங்குகிறது. வேகமாக ஈரம் ஏறினால் ஒரு பகுதி வீங்கி மற்றொன்று வீங்காமல் நிற்கும். அந்த இழுபறியில் முதலில் பிளப்பது மேலிலை. பிளந்த மேலிலையை எந்த ரசாயனமும் ஒட்டவைக்காது.

ஊடுருவலின் காலம் தடிமனைப் பொறுத்தது; அதிலும் தடிமனின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. ஒரு சுருட்டு மற்றொன்றைப் போல் இருமடங்கு தடித்தால், ஈரம் அதன் நடுவை அடைய நான்கு மடங்கு காலம் ஆகும். ஆகவே தடித்த சுருட்டுக்கு மெல்லிய சுருட்டின் கணக்கு உதவாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஈரத்திலிருந்து உலர்ந்து 65 சதவீதத்துக்கு வரும் இலையும், வறட்சியிலிருந்து ஈரமேறி 65 சதவீதத்துக்கு வரும் இலையும் ஒரே அளவு நீரை வைத்திருப்பதில்லை. பின்னது சற்றுக் குறைவாகவே வைத்திருக்கும். இலை தான் வந்த வழியை நினைவில் வைத்திருக்கிறது என்று சொல்லலாம். 'இன்னும் கொஞ்சம் காய்ந்தாற்போல் இருக்கிறதே' என்று எண்ணி ஈரத்தை மிகுதியாக ஏற்றிவிடும் சபலத்துக்கு இதுவே காரணம்.

எனவே மூன்று படிகளாகச் சென்றோம். முதற்படி மக்னீஷியம் நைட்ரேட், 53 சதவீதம். இரண்டாம் படி சோடியம் புரோமைடு, 58. மூன்றாம் படிக்கு, உப்புக் கரைசலை மெல்லிய சவ்வுப் பைக்குள் அடைத்து 65 சதவீதத்துக்கென்று விற்கும் பொட்டலங்களைக் கையாண்டோம்.

அடுத்த படிக்கு எப்போது ஏறுவது? நாள்காட்டியைப் பார்த்தன்று, தராசைப் பார்த்து. ஒரு கட்டிலிருந்து பத்துச் சுருட்டுகளைத் தனியே அடையாளமிட்டு, வாரம் ஒருமுறை நிறுத்தோம். தொடக்கத்தில் பத்தும் சேர்ந்து 74 கிராம். முதற்படியில் எடை மெல்ல ஏறி 75.7-இல் நின்றது. இரண்டு வாரம் தொடர்ந்து எடை மாறாவிடில் சமநிலை வந்துவிட்டது என்று பொருள். அப்போதுதான் அடுத்த படி. இரண்டாம் படியில் 76.4, மூன்றாம் படியில் 77.5. மொத்தத்தில் ஒரு சுருட்டு பெற்ற நீர் மூன்றில் ஒரு கிராம். அந்த மூன்றில் ஒரு கிராமை ஊட்டச் சுமார் மூன்று மாதம் பிடித்தது.

இந்த மூன்று மாதத்தில் பெரியவர் பலமுறை, "ஈரத் துணியைச் சுத்தி வச்சா ஒரே ராத்திரியில ஆயிடாதா தம்பி?" என்று கேட்டதுண்டு. "ஆகும் ஐயா, ஆனால் வெடிக்கும்" என்பேன். அவர் மறுவார்த்தை பேசாமல் கதவைச் சாத்திவிடுவார்.

மூன்று பகைகள்

முதற்பகை புகையிலை வண்டு. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமே உள்ள பழுப்பு நிறப் பூச்சி. இதன் புழு சுருட்டைக் குடைந்து ஊசித்துளைகளை விட்டுச்செல்லும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இது பெருகும். ஆகையால் பேழைக்குள் வைக்குமுன், சுருட்டுகளைக் காற்றுப் புகாத பையில் இட்டு, ஒரு நாள் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டிலும், மூன்று நாள் 18 டிகிரி உறைநிலைக்குக் கீழான உறைபெட்டியிலும், மீண்டும் ஒரு நாள் கீழ்த்தட்டிலும் வைத்தோம். பையைச் சூடான அறையில் உடனே திறக்கலாகாது. இலையில் பனித்துளி படியும். காய்ந்திருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது.

இரண்டாம் பகை பூஞ்சணம். ஈரம் 75-ஐத் தாண்டி நீடித்தால் அது தலைகாட்டத் தொடங்கும். டில்லிக்கு ஜூலையில் மழை வரும்போது, இதுவரை வறட்சியோடு போராடிய பேழை எதிர்ப்பக்கம் திரும்பி ஈரத்தோடு போராட வேண்டியதாகும். நிறைகரைசல் இருபக்கமும் வேலை செய்யும் என்பதன் அருமை அப்போதுதான் புரியும்.

மூன்றாம் பகை குளிர். 25 டிகிரியில் 65 சதவீத ஈரமுள்ள காற்று 18 டிகிரிக்கு இறங்கினால் பனி கட்டத் தொடங்கும். டில்லியின் குளிர்காலத்தில் வெளிச்சுவர் அதைவிட மிகக் குளிர்ந்திருக்கும். ஆகவே பேழையை வெளிச்சுவரில் சாய்த்து வைக்காமல், உள்ளறையில், வெயிலும் அடுப்பும் படாத மூலையில் நிறுத்துவதே முறை.

மீண்டதும் மீளாததும்

ஜூன் இறுதியில் கணக்கெடுத்தோம். தொடக்கத்திலேயே மேலிலை வெடித்திருந்தவை அப்படியே இருந்தன; அவற்றுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மற்றவற்றில் பெரும்பாலானவை விரலிடையே மெல்ல அழுத்தினால் சற்றே அமுங்கி மீண்டும் நிமிர்ந்தன. உதிரவில்லை.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நீர் திரும்பி வரும்; மணம் வராது. புகையிலையின் நறுமணத்துக்குக் காரணமான எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள், பல ஆண்டு வறட்சியில் காற்றோடு போய்விட்டன. ஈரப்பேழை போனதைக் கொண்டுவராது, இருப்பதைத்தான் காக்கும். பெரியவரிடம் இதை முதல் நாளே கூறியிருந்தேன். அவர் கேட்டதும் மணம் அன்று. இலை உதிராமை ஒன்றே. ஆடியில் அவர் இருபத்தொரு சுருட்டுகளை மூங்கில் பெட்டியில், 65 சதவீதப் பொட்டலம் ஒன்றோடு வைத்து ரயிலேறினார். திரும்பி வந்ததும் சொன்னார்: "எங்கப்பா போட்ட முடிச்சு அப்படியே இருந்துச்சு தம்பி."

இவ்வளவும் சுருட்டுக்கு மட்டும் உரிய செய்தி என்று நண்பர்கள் கருத வேண்டாம். ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த பொருள்களில் பாதி தாவரமும் தோலுமே. வீணையின் பலா மரம், மிருதங்கத்தின் தோல், பாட்டனார் விட்டுச்சென்ற ஏட்டுச்சுவடி, தாயார் கொடுத்தனுப்பிய மரப்பெட்டி எல்லாம் டில்லியின் மே மாதத்தில் இதே விதிக்கு உட்பட்டவையே. சுருட்டுக்குரிய 65 சதவீதம் சுவடிக்கு மிகை; 50-ஐ ஒட்டிய ஈரமே அதற்கு நலம். ஆனால் விதி ஒன்றே: ஈரத்தை நிலையாக வை, மாற்ற வேண்டுமாயின் மெல்ல மாற்று. வெடித்த வீணையைச் செப்பனிட ஆசாரியைத் தேடுமுன், அதன் உறைக்குள் ஓர் ஈரமானியையும் ஒரு பொட்டலத்தையும் போட்டு வைப்பது எளிது.

உப்புச் சோதனைக்குரிய சாடி என் விடுதி அறையில் இருக்கிறது. ஈரமானி வைத்திருக்கும் நண்பர்கள் கொண்டுவந்தால், மறுநாளே அது மெய் பேசுகிறதா, பொய் பேசுகிறதா என்று சொல்லிவிடலாம்.